ஆறேகால் மணிக் குரல்

ஒத்தப்பனைக் காலனியில் மாரிக்கனியின் மகள் சுபிக்ஷாவுக்கு நாளைய சத்தம் இன்றைக்கே கேட்டுக்கொண்டிருந்த நாலு மாத காலத்தில், அதை அதிசயம் என்று சொல்லி அங்கே யாரும் வாயைப் பிளக்கவில்லை. தண்ணீர் லாரி என்றைக்கு வரும் என்று கலெக்டருக்கே தெரியாத ஊரில், டவுன் பஸ் டிரைவருக்கு மனசு வந்தால் மட்டும் பஸ் உள்ளே திரும்புகிற ஊரில், ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நாளைக்குக் கேட்கப்போவதை இன்றைக்கே கேட்டுக் காட்டுவது ஆச்சரியத்தைவிடச் சௌகரியமாகத்தான் இருந்தது, சௌகரியத்தை யார் வேண்டாம் என்பார்கள். ஏன் இப்படி என்று காரணம் தேடிப் போனவர்களும் அதிகம் இல்லை. மாரிக்கனி ஒருத்திதான் பயந்தாள். அவள் பயந்தது பிள்ளை காதில் மாட்டியிருந்த மிஷினைப் பார்த்து அல்ல. அந்த மிஷினில் என்றைக்காவது ஒருநாள் தன் குரல் கேட்காமல் போய்விடுமோ என்றுதான் பயந்தாள்.

மாரிக்கனியின் புருஷன் வெங்காய லோடு ஏற்ற நாசிக்குக்குப் போன லாரி டிரைவர். லோடு வந்தது, லாரி வந்தது, அவன் வரவில்லை, மூன்று வருஷமாக அவன் போன் அணைத்தே கிடக்கிறது. பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் பேசுவதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான், அந்தக் கைப்பேச்சில் பாதி மாரிக்கனிக்கு மட்டும் புரியும். நெற்றியில் இரண்டு விரலை வைத்தால் தலைவலி, காதுமடலைப் பிடித்தால் அப்பா, வயிற்றில் தட்டிவிட்டுத் தோளைக் குலுக்கினால் பசிக்கிறது ஆனால் உப்புமா வேண்டாம். தாய் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வாயிருந்தும் ஊமை, கையிருந்தும் ஊமை. மாரிக்கனியோ பட்டாசு ஆலையில் மருந்து நிரப்புகிற வேலைக்குப் போகிறவள்.

பட்டாசு ஆலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஃபேன் இல்லை, நாற்காலி இல்லை, செருப்புகூடப் போடக்கூடாது, ஆனாலும் ஆபீஸ். காலனிக்குக் கிழக்கே அரை மைல் தூரத்தில் கருவேலங்காட்டைத் தாண்டி, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கிற பதினெட்டு ரூம். மாரிக்கனியின் அக்கா சொர்ணமும் அங்கேதான் வேலை பார்த்தாள். சொர்ணத்தின் புருஷன் காளிராஜும் ஒரு காலத்தில் அங்கேதான் வேலை பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் வலது கை முழங்கைக்குக் கீழே போனது, அதற்குப் பிறகு காலனி முக்கில் டீக்கடை போட்டார். தாலுகா ஆபீஸ் பந்தலில் ஒரே முகாமில், ஒரே நாளில், அவருக்கு ஒரு செயற்கைக் கையும் சுபிக்ஷாவுக்கு ஒரு காது மிஷினும் கொடுத்தார்கள். அவர் கை கெட்டிலைப் பிடி என்றால் பிடித்தது, விடு என்றால் விட்டது, அதற்கு மேல் அது எந்த வித்தையும் காட்டவில்லை. ஒரே பந்தலில் கொடுத்ததில் எனக்கு மட்டும் வெறும் கையைக் கொடுத்துட்டாங்களே என்று அவர் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

மிஷின் மாட்டினால் மட்டும் போதாது, கேட்கப் பழக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பயிற்சி டீச்சர் வந்தார். ஒரு எவர்சில்வர் கிண்ணம், மடி நிறையப் புளியங்கொட்டை. சத்தம் ஒன்று கேட்டால் பிள்ளை கிண்ணத்தில் ஒரு கொட்டை போட வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் மூன்று வாரமும் மிஷின் எல்லார் காதையும்போல அன்றன்றைய சத்தத்தைத்தான் கேட்டது. ஆனால் தினமும் காலை பத்திலிருந்து பதினொன்றுவரை ஆபீஸில் சரக்கு சரியாக இருக்கிறதா என்று வெடித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிண்ணம் மூன்று தடவை நிறைந்து வழிந்தது, குக்கர் விசிலுக்கும் ஆட்டுக்கும் கொட்டை போட நேரமே இல்லை. அந்த ஊரில் வெடிச் சத்தத்தை யாரும் சத்தமாக எண்ணுவதில்லை, தாலாட்டிலேயே அதைக் கேட்டு வளர்ந்த ஜனம். ஆகவே மாரிக்கனி ஞாயிறும் விடுப்புமாக மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெடிக்கும் அந்தக் குட்டிக் கையைப் பிடித்து நிறுத்தி, இது வேண்டாம், இது கணக்கில்லை என்று விரலை ஆட்டி ஆட்டிப் பழக்கினாள். பிள்ளை கெட்டிக்காரி. பத்தே நாளில் வெடி கேட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள், மாரிக்கனியும் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை பேட்டரி மாற்றினார்கள். அன்றிலிருந்து பிள்ளை கைதட்டினால் திரும்பவில்லை. யாரும் தட்டாதபோது கொட்டை போட்டாள். டீச்சர் மிஷினைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார், நன்றாக வேலை செய்தது. முகாம் நடத்தியவர்களிடம் கொண்டுபோனார்கள், அவர்களும் காதில் வைத்துப் பார்த்து, மிஷினில் ஒன்றும் கோளாறு இல்லை, பிள்ளைக்குத்தான் கவனம் பத்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். விஷயத்தைக் கண்டுபிடித்தவர் காளிராஜ்தான். பகலெல்லாம் பிள்ளை அவர் டீக்கடைப் பெஞ்சில்தான் கிண்ணமும் கையுமாக இருப்பாள். ஒருநாள் நாலு மணிக்கு அவள் கொட்டைகளை இரண்டு இரண்டாகப் போட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள், மறுநாள் சரியாக நாலு மணிக்குப் பூம்பூம் மாட்டுக்காரன் உருமியோடு தெருவுக்குள் வந்தான். அப்புறம் ஒரு வாரம் அவர் கவனித்துப் பார்த்துவிட்டு, வடை போட்டபடியே, நம்ம பாப்பாவுக்கு ஒருநாள் முந்திக் கேக்குது என்று வந்தவர்களிடம் சொன்னார், வந்தவர்களும் அப்படியா என்று கேட்டுவிட்டு இன்னொரு வடை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு காலனி கிண்ணத்தைப் பார்த்து நடக்கப் பழகியது. தண்ணீர் லாரியின் ஆரனுக்கு நீட்டி ஒரு கொட்டை, மழைக்குக் கைநிறைய அள்ளிப் போடுவாள், கல்யாண வீட்டு மைக்செட்டுக்கு நிறுத்தாமல் கிண்ணம் வழிய வழியப் போட்டுக்கொண்டே இருப்பாள். காளிராஜ் பார்த்துச் சொல்வதுதான் வாக்கு. வத்தல் காயப்போடுகிறவர்கள் கேட்டுவிட்டுக் காயப்போட்டார்கள். பிள்ளை ஒருநாள் கொட்டு மேளத்துக்குக் கொட்டை போட்டாள் என்று கேள்விப்பட்டு, ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்த சங்கரலிங்கம் நமக்குத்தான் என்று முடிவு கட்டி, முகச்சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு படுத்தார். மறுநாள் வந்தது சீர்த்தட்டு ஊர்வலம், மனிதர் எழுந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டில் நாளைக்குச் சண்டை என்று கிண்ணம் சொன்ன அன்று, சமாதானமாக இருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எதைப் பற்றிச் சண்டை போடுவது என்று தெரியாமல் காலையிலிருந்து முழித்துக்கொண்டிருந்து, கடைசியில் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத கேள்வி ஒன்று இருந்தது, அதைப் பெண்கள் காலையில் ஆபீஸ் வேனில் ஏறுவதற்கு முன்னால், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பாராமல் கேட்பார்கள். இன்னைக்குச் சத்தம் உண்டாண்ணே? அந்தப் பக்கத்தில் ஆபீஸ் வெடித்தது என்று யாரும் வாயால் சொல்வதில்லை, சத்தம் கேட்டது என்றுதான் சொல்வார்கள், எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்டுக்கொண்டேதான் ஓடுவார்கள். காளிராஜ் முந்தின நாள் கிண்ணத்தை நினைத்துப் பார்த்து, பெருஞ்சத்தம் ஒன்றும் இல்லை தாயி, போயிட்டு வாங்க என்பார். சொன்னபடியே ஒவ்வொரு நாளும் நல்லபடியாகப் போனது. நாள் போகப் போக, தினம் காலையில் வயிற்றில் ஏறி உட்கார்ந்திருந்த பயத்தை ஒவ்வொருத்தியாகக் கீழே இறக்கி வைத்துவிட்டாள், அப்படி இறக்கி வைக்கவே கூடாத சுமை அது. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். கழற்றி வைக்க வேண்டிய கொலுசு காலிலேயே கிடந்தது. மருந்து சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்கிற வழக்கம், அப்புறம் துடைக்கலாம் என்று ஆனது. போர்மேன் சுந்தரவேல் முன்பெல்லாம் கோழி தன் குஞ்சுகளைச் சுற்றி வருவதுபோல ரூம் ரூமாகச் சுற்றி வருகிற மனிதர். இப்போது காலையில் ஒரு போன் போட்டு, கிண்ணம் என்ன சொல்லுது காளிராஜ் என்று கேட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மாரிக்கனிக்கு மட்டும் பயம் போகவில்லை. அவளுக்குக் கிண்ணத்தில் வேலை இல்லை, அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம். சாயங்காலம் ஆபீஸ் வேன் விட்டு இறங்கி, வீட்டுத் தட்டிக் கதவுக்கு வந்து, சுபீ என்று நீட்டி ஒரு குரல் கொடுப்பாள். பிள்ளைக்குக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இனம் கண்டுகொண்ட முதல் சத்தம் அது. இப்போது இன்றைக்குக் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. ஆனால் நாளைக்கு இதே நேரத்துக்கு மாரிக்கனி உயிரோடு வந்து கூப்பிட்டால், அது இன்றைக்குக் கேட்கும். ஆகவே மாரிக்கனி நாள் தவறாமல், நிமிஷம் தவறாமல், சரியாக ஆறேகாலுக்குக் கூப்பிட்டாள். வேன் முந்தி வந்துவிட்டால் தட்டிக்கு வெளியே போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள், பிந்தினால் டிரைவரைப் பிடுங்கி எடுத்தாள். கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். பிள்ளை திரும்பிச் சிரித்தாள் என்றால் நாளைக்கும் அம்மா வருவாள். தினமும் அந்த ஒரு திரும்புதலுக்காகவே அவள் ராத்திரி சாப்பிட்டாள், அந்த ஒரு திரும்புதலை நம்பியே காலையில் வேனில் ஏறினாள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறேகாலுக்கு, அவள் கூப்பிட்டாள், பிள்ளை திரும்பவில்லை.

தட்டிக்கு உள்ளே பாயில் உட்கார்ந்து ஒரு கொட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி இன்னொரு தடவை கூப்பிட்டாள், மூன்றாவது தடவை கூப்பிட்டாள். சொர்ணம் ஓடிவந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். காளிராஜ் அன்றைய கிண்ணத்தின் கதையைச் சொன்னார்: பெருஞ்சத்தம் எதுவும் இல்லை, ஆனால் பதினொரு மணிக்கு முன்னாலிருந்து சாயங்காலம்வரை பிள்ளை கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள், மூன்று கிண்ணம் வழிந்துவிட்டது, நாளைக்கு முகூர்த்த நாள், பக்கத்தில் எங்கேயோ பெரிய மைக்செட்டு. அந்த இரைச்சலில் உன் குரல் அமுங்கிப்போயிருக்கும் என்றார். நாளைக்கு நீ ஓவர்டைம் பார்ப்பாய், லேட்டாக வருவாய் என்றாள் சொர்ணம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், எல்லாக் காரணமும் பொருத்தமாகத்தான் இருந்தது, ஒன்றுகூட மாரிக்கனியின் நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

"நாளைக்கு நான் போகலக்கா," என்றாள். "நீயும் போகாத."

"ரெண்டு பேரும் போகலைன்னா ரூமே நின்னு போகும், சீசன் நேரம்," என்றாள் சொர்ணம். "நீ இரு. பாப்பாவுக்குத் தலை குளிப்பாட்டி விடு. எனக்கென்ன, கிண்ணம்தான் நல்லா இருக்குல்ல."

புதன்கிழமை காலை வேன் போய்விட்டது. மாரிக்கனி பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், மிஷினைத் துடைத்து மாட்டினாள். அவளுக்கு இன்னொரு குழப்பமும் வந்தது: வேலைக்கே போகாதவள் எதற்குத் தட்டிக் கதவில் நின்று கூப்பிடப்போகிறாள்? நான் வீட்டில் இருப்பதால்தான் குரல் கேட்கவில்லையோ, குரல் கேட்காததால்தானே வீட்டில் இருக்கிறேன். கயிற்றின் எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் அது அவள் கையிலேயே வந்து முடிந்தது. பயத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு, யோசிக்க யோசிக்க வளரும். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பத்தேகாலுக்கு ஆபீஸில் வழக்கமான வெடி போட்டார்கள். கடையில் இருந்த யாரும் கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. மாரிக்கனி சும்மா இருக்க முடியாமல், நேற்று என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்க மச்சான் என்று காளிராஜைக் கேட்டாள். அவர் பொறுமையானவர், முதலிலிருந்து சொன்னார்: எட்டு மணிக்குப் பால்காரன், ஒன்பதுக்கு ஸ்கூல் வேன், பத்து மணிக்குமேல் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பத்தே முக்காலுக்குத்தான் ஒரு விளையாட்டுக் காட்டினாள்.

"என்ன விளையாட்டு?"

"திடுக்குன்னு நிமிந்தா. ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்துகிட்ட கொண்டுபோனா. அப்புறம் என்னத்தையோ நெனச்சுக்கிட்டு, போடாம, திரும்ப மடியிலயே வச்சுக்கிட்டா. வச்சுட்டு யாரையோ தேடுற மாதிரி சுத்திச் சுத்திப் பாத்தா, அழகா இருந்துச்சு."

மாரிக்கனிக்கு அவள் யாரைத் தேடினாள் என்று தெரிந்தது. வெடிக்குக் கொட்டை போடாமல் கையை அடக்கிக்கொண்டு, அம்மா பார்த்தாளா, கன்னத்தைக் கிள்ளுவாளா என்று தேடியிருக்கிறாள். இத்தனை நாளும் இந்தக் காலனி முழுக்க எதைக் கேட்டுச் சொல்லும் என்று கிண்ணத்தை நம்பி உயிரை வைத்ததோ, அந்த ஒன்றை மட்டும் சொல்லாதே என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்தே முக்காலுக்கு அப்புறம் பிள்ளை கேட்டது மைக்செட்டு இல்லை. மூன்று கிண்ணம் வழிய வழிய அவள் கேட்டது என்ன சத்தம் என்று நினைத்துப் பார்க்கக்கூட மாரிக்கனிக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது மணி பத்து இருபத்தைந்து. பாப்பா வெடியை எண்ண மாட்டா மச்சான், போர்மேனுக்குப் போன் போடுங்க என்று கத்திவிட்டு அவள் கருவேலங்காட்டுக்குள் இறங்கினாள். காளிராஜ் போட்டார். மறுமுனையில் சுந்தரவேல் சிரித்தார். நேத்து நீங்கதானய்யா பெருஞ்சத்தம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீக, இப்ப என்ன புதுசா, என்று கேட்டார். வெடியைப் பாப்பா எண்ண மாட்டாள் என்று காளிராஜ் சொல்லி முடிப்பதற்குள் சுந்தரவேல் சரி சரி என்று வைத்துவிட்டார்.

அரை மைலையும் மாரிக்கனி கத்திக்கொண்டேதான் ஓடினாள். முள் கிழித்தது, சேலை பாதி கிளையிலேயே நின்றது, அவள் நிற்கவில்லை. வெளியே வாங்க, எல்லாரும் வெளியே வாங்க என்று தொண்டையில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கத்தினாள். தொண்டை கிழிந்து உப்புக்கரித்தது, அதற்கு மேலும் கத்தினாள். கம்பி வேலியைத் தாண்டி முதல் ரூம் வாசலில் போய் நின்று கத்தினாள், இரண்டாவது ரூமில் கத்தினாள். அந்த ஜனத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: எவராவது கத்திக்கொண்டு ஓடி வந்தால் முதலில் வெளியே ஓடு, காரணத்தை அப்புறம் கேள். நாலு மாதமாக மறந்து கிடந்த வழக்கம் அவர்கள் காலுக்கு ஞாபகம் வந்தது. ரூம் ரூமாகப் பெண்கள் வெளியே வந்து பொட்டல் பக்கம் ஓடினார்கள், சுந்தரவேலும் வேப்ப மரத்தடியை விட்டு எழுந்து, ஓடுங்க ஓடுங்க என்று இந்தப் பக்கத்து ரூம்களை விரட்டினார். கடைசி ரூம் தூரத்தில் இருந்தது. அதுதான் சொர்ணத்தின் ரூம், நாலு பேருக்கான அந்த ரூமில் ஆறு பேர்.

மாரிக்கனி அந்த ரூமுக்கு நூறு அடி தூரத்தில் இருந்தபோது அவள் குரல் நின்றுபோனது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கையை வீசினாள். தன் மகளிடம் பேசுகிற மாதிரி இரண்டு கையாலும் வா வா என்று அள்ளி அள்ளி வீசினாள். சொர்ணம் அதைப் பார்த்தாள். அந்தக் கைப்பேச்சு அவளுக்கும் கொஞ்சம் தெரியும். பார்த்தவள் தான் வெளியே வராமல், உள்ளே திரும்பி ஒவ்வொருத்தியாக முதுகில் அடித்து வெளியே தள்ளினாள். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆளின் பின்னால் சொர்ணம் படியில் கால் வைத்தாள்.

அந்தச் சத்தம் காலனியில் கூரை ஓடுகளையெல்லாம் உலுக்கியது என்று சொன்னார்கள். மாரிக்கனிக்கு அது கேட்கவே இல்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்: எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்டுக்கொண்டே ஓடி வருகிறவர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், பேர் சொன்னதும் இங்கே இருக்கேன் என்று அழுகிறவர்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, இன்னொரு ஆம்புலன்ஸ். எழுபத்தோரு பேர் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள், எழுபது பேர் தங்கள் காலிலேயே நடந்து வீட்டுக்கு வந்தார்கள். சொர்ணத்தைப் போர்வையில் ஏந்தி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். கண் விழித்து மாரிக்கனியைப் பார்த்தாள், பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டாள். மாரிக்கனி தலையை ஆட்டினாள். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை, காலை வரைக்கும் பார்ப்போம் என்றார். காப்பீட்டு அட்டை வேண்டும், மாற்றுத் துணி வேண்டும் என்றார்கள். காளிராஜுக்குப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று தெரியும், மாரிக்கனிக்குப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். வார்டில் வேறு ஆளை இருக்கச் சொல்லிவிட்டு, சொந்தக்காரப் பையன் ஒருவனின் வேனில் இரண்டு பேரும் காலனிக்கு வந்தார்கள். வழியெல்லாம் காளிராஜ் பேசிக்கொண்டே வந்தார். கையை இழந்தபோது தனக்கும் இப்படித்தான் காலை வரைக்கும் பார்ப்போம் என்று சொன்னார்கள், பிழைக்கவில்லையா, டீ போடவில்லையா, என்றார். எழுபது பேரைக் காப்பாத்தியிருக்க மாரி, உன் அக்காளையும் அந்தப் புண்ணியம் காப்பாத்தும், என்றார். மாரிக்கனி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், அவர் புரிந்துகொண்டு, பேசாத, பேசாத என்றார்.

வேன் நின்றபோது மணி ஆறேகால். காளிராஜ் வீட்டுக்குள் ஓடினார். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையைத் தட்டிக் கதவுக்கு உள்ளே பாயில் உட்கார வைத்திருந்தாள். மாரிக்கனி கதவுக்கு வெளியே நின்று பழக்கத்தில் வாயைத் திறந்தாள். சுபீ என்று உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. நேற்று இந்த நேரத்துக்கு மகள் கேட்டது இதைத்தான், இந்த ஒன்றுமில்லாததைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் சாகவில்லை, குரல்தான் போயிருக்கிறது. அது புரிந்ததும் நாள் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் உருண்டு ஓடியதுபோல இருந்தது, அவளுக்கு அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது பிள்ளை திரும்பினாள்.

திரும்பிச் சிரித்தாள். நாளைக்கு ஆறேகாலுக்கு அம்மாவுக்குக் குரல் வந்துவிடும், அம்மா இருப்பாள். மாரிக்கனி இரண்டு கையையும் நீட்டினாள். எழுந்து ஓடி வந்த பிள்ளை பாதி வழியில் நின்றாள், சிரிப்பு நின்றது. அம்மாவின் குரல்தான் கேட்டது, ஆனால் அம்மா அப்படி ஒருநாளும் குரல் எழுப்பி அவள் கேட்டதில்லை. பிள்ளையின் கண் விரிந்தது. ஓடி வந்து அம்மாவின் இடுப்பில் ஏறி, தன் சின்னக் கையால் அவள் வாயை இறுக்கிப் பொத்தினாள். சத்தமே வராத அந்த வாயை, போதும் போதும் என்பதுபோல, மற்றக் கையையும் சேர்த்து வைத்துப் பொத்தினாள். நாளைக்கு இதே நேரத்துக்கு, இதே இடத்தில், தான் யாருக்காக அப்படிக் கதறப்போகிறோம் என்று மாரிக்கனிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காளிராஜ் துணிப்பையை நல்ல கையிலும் அட்டையைச் செயற்கைக் கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளை அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் நாலு மாதமாக ஊரே அவரைக் கேட்ட கேள்வி இருந்தது, அதை இன்னொருவரிடம் அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

"பாப்பா என்ன சொல்லுது மாரி?"

மாரிக்கனி மகளின் கைகளை மெல்ல விலக்கினாள். காளிராஜைப் பார்த்துச் சிரித்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள், ஒன்றுமில்லை, எல்லாம் சும்மாதான் இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினாள். தனக்குக் குரல் இல்லாமல் போனதற்கு அவள் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள், குரல் இருந்திருந்தால் அது அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

"சத்தம் இல்லைன்னா நல்லதுதான்," என்றார் காளிராஜ். அவர் முகம் தெளிந்தது. வேனில் ஏறி உட்கார்ந்து, போகும்போது கடையைத் திறந்து ஃபிளாஸ்கில் பால் எடுத்துக்கொள்ளலாம், காலையில் சொர்ணம் கண்ணைத் திறந்ததும் அவளுக்குக் குடிக்க வேண்டியிருக்கும் என்றார். டிரைவர் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினான்.